மலை இறக்கத்தில் தானாகப் பிடித்த பிரேக்: 1998 மாருதி 800 ஒன்றின் பெடல் இணைப்பு – நிகழ்வு ஆய்வு

வண்டியும் ஆளும்

1998-ல் பதிவான மாருதி 800. 796 சிசி கார்புரேட்டர் இன்ஜின், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) கிடையாது. உரிமையாளர் சேலத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் கைதான், வேறு யாரிடமும் சாவி போனதில்லை. ஏற்காட்டில் சொந்தக்காரர்களுடைய தோட்டம் இருப்பதால் அவ்வப்போது மலை ஏறி இறங்கும், மற்றபடி கடைவீதி, கோயில், கல்யாணம், அவ்வளவுதான் ஓட்டம். பெங்களூரில் இருக்கும் மகன் "வித்துட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்குங்கப்பா" என்று வருடாவருடம் சொல்வாராம், இவர் காதில் வாங்குவதில்லை.

2023-ல் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) மூன்றாவது முறையாகப் புதுப்பிக்க வேண்டிய நேரம். தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே அப்போது 5,000 ரூபாய் ஆகியிருந்ததால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டப் போய் பிரேக்கில் திருப்பி அனுப்பினால் கசக்கும் என்று முன்கூட்டியே சரிபார்க்க எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் எண்ணத்தில் இருந்தார். அதற்குள் மலையில் சம்பவம் நடந்துவிட்டது.

சம்பவத்துக்குப் போகும் முன் இந்த வண்டியில் பெடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். பிரேக் பெடல் மேலே ஒரு ஷாஃப்டில் தொங்குகிறது, ஷாஃப்டில் புஷ் (உரசலைத் தாங்கும் வளையம்) உண்டு. பெடல் கையின் மேல்பகுதியில் ஒரு துளை. அந்தத் துளையையும் புஷ் ராடின் நுனியில் இருக்கும் ஃபோர்க்கையும் கோத்து ஒரு கிளிவிஸ் பின் போகிறது, பின் வெளியே வராமல் இருக்க ஸ்பிளிட் பின். புஷ் ராடு, உள்பக்கத்தையும் இன்ஜினையும் பிரிக்கும் தகட்டைத் தாண்டி இன்ஜின் பக்கம் போய், பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் முதுகில் நேராக முட்டுகிறது. ஃபோர்க்கும் ராடும் மரையில் சேர்வதால் ராடை நீட்டலாம், குறைக்கலாம், லாக் நட் போட்டு இறுக்கலாம். பெடல் மேலே வந்து நிற்கும் இடத்தில் பிரேக் லைட் சுவிட்ச் இருக்கிறது. பெடல் கையில் செருகியிருக்கும் சின்ன ரப்பர் பட்டன் சுவிட்சின் முள்ளை அழுத்திக்கொண்டே இருக்கும், அழுத்தம் விட்டால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அப்புறம் ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங். மொத்தமே இவ்வளவுதான். எல்லாம் டாஷ்போர்டுக்கு அடியில், இருட்டில், முதுகு தரையில் பட மல்லாந்து படுத்தால்தான் தெரியும் இடத்தில் இருக்கிறது. இதை யாரும் எட்டிப் பார்க்காததற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்கு முன் நடந்த வேலைகள்

இந்த வரலாறு எங்களுக்கு ஒரே மூச்சில் கிடைக்கவில்லை. பில்லை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததால், அதைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து, "இது எதுக்கு சார் போனீங்க?" என்று கேட்டுக் கேட்டுத்தான் வரிசை பிடிபட்டது.

முதலில் வந்தது விளக்குப் பிரச்சினை. ஒரு நாள் காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தது. பிரேக் லைட் இரவெல்லாம் எரிந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம்: அந்த ரப்பர் பட்டன் வெயிலிலும் வயதிலும் காய்ந்து பொடிந்து விழுந்துவிடும், சுவிட்ச் முள் வெறும் துளைக்குள் நுழைந்துவிடும், பெடல் மேலே இருந்தாலும் சுவிட்சுக்கு அது மிதித்த மாதிரிதான். ஓட்டுநர் மிதியடி மேல் சின்னச் சின்னத் துண்டுகளாக ரப்பர் கிடந்தால் அது இதுதான். ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஏதோ வைத்து ஒட்டி, விளக்கை அணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கு அதற்கப்புறம் ஒழுங்காக வேலை செய்தது.

அதற்குப் பல மாதம் கழித்து, பெடல் முதலில் கொஞ்ச தூரம் சும்மா இறங்கி அப்புறம்தான் பிடிக்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருக்கிறார். அங்கே மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். மாற்றியும் பெடலின் தொடக்கத்தில் அதே ஆட்டம் இருந்ததால், புஷ் ராடை நீட்டி ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். காலை வைத்ததும் பிடிக்கிற பெடல். அவருக்கும் அன்றைக்கு சந்தோஷம்தான், "புது வண்டி மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார்.

அடுத்த கோடையில் மைலேஜ் குறைந்தது, டவுனுக்குள் கொஞ்சம் ஓட்டி நிறுத்தினால் முன்சக்கரத்துப் பக்கம் சூடு அடித்தது. இந்த முறை வேறு இடம். காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும் பாகம்) கிட், புது பிரேக் பேடு, ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ். ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்தது போலத் தெரிந்து மறுபடி அதே கதை. "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு பதில். இந்தப் பதிலை நான் எங்கள் பட்டறையில் தடை செய்து வைத்திருக்கிறேன். பழைய வண்டியில் ஒரு பாகம் தேய்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், தப்பாக மாட்டப்பட்டிருக்கலாம். வயது மட்டும் எந்தச் சக்கரத்தையும் பிடித்து நிறுத்தாது.

மலையில் நடந்தது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜின் கொஞ்சம் திணறியது, அவர் கார்புரேட்டர் என்று நினைத்துக்கொண்டார். இறங்கும்போது இரண்டாவது கியரில்தான் வந்திருக்கிறார், சரியான முறைதான். பாதிக்கு மேல் இறங்கிய பிறகு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால்தான் வண்டி நகர்கிறது என்ற நிலை வந்தது. இறக்கத்தில்! பெடல் கல் மாதிரி இறுகி, மிதித்தால் இறங்கவே இல்லை. கருகல் வாடை. ஒரு வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினார். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுப் பார்த்தார், சரிவில் நின்ற வண்டி உருளவில்லை. அரை மணி நேரம் போல ஆறவிட்டதும் தானாகவே விட்டுக்கொடுத்தது. மெதுவாக, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி, அடிவாரம் வந்து சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார். வண்டியை எடுக்க வேண்டாம், நாங்களே வருகிறோம் என்று சொன்னோம். காரணம் இறுகிப் போன சக்கரம் மட்டும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். பிடித்துக்கொண்டே ஓடும் டிஸ்க் அந்தச் சூட்டை எட்டுவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், அதுவரை கல் மாதிரி இருந்த பெடல் அடுத்த மிதியில் தரை வரை போகும். அதாவது, தானாகப் பிடிக்கிற பிரேக், கொஞ்ச நேரத்தில் பிடிக்கவே பிடிக்காத பிரேக்காக மாறலாம். அவர் நிறுத்தி ஆறவிட்டது நல்ல முடிவு.

நாங்கள் பார்த்தது

கயிறு கட்டாமல் ஃப்ளாட் பெட் வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். ஆறிய நிலையில் நாலு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றினால் முன்னால் இரண்டும் லேசாக உரசியது, பின்னால் சுமார். இதில் ஒரு விஷயம் உடனே கண்ணில் பட்டது: இடது வலது இரண்டும் ஒரே அளவு. காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ சிக்கியிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இவர் ஒரு தடவைகூட வண்டி ஒரு பக்கம் இழுத்ததாகச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறது என்றால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும், அதாவது மாஸ்டர் சிலிண்டரிலோ அதற்கும் முன்னாலோ.

பட்டறை வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, அடிக்கடி மிதித்து, சூடேற்றினோம். பிடித்துக்கொண்டது. மறுபடி தூக்கினோம், முன்சக்கரம் கையால் சுற்ற முடியவில்லை. இந்த இடத்தில் ஒரு சோதனை இருக்கிறது, ஒரு சொட்டு ஆயில் சிந்தாமல் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். பூஸ்டர் இல்லாத வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் தகட்டில் நட்டு போட்டு நிற்கிறது. அந்த நட்டுகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, சிலிண்டரை முன்பக்கமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழுத்தால், பிஸ்டனுக்கும் புஷ் ராடுக்கும் நடுவில் இடைவெளி வரும். அப்போதும் சக்கரம் இறுகியே இருந்தால் கோளாறு சிலிண்டருக்கு உள்ளேயோ, ஹோஸிலோ, காலிப்பரிலோ. சக்கரம் விட்டுவிட்டால் புஷ் ராடுதான் பிஸ்டனைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறது.

தளர்த்தினோம். ரிசர்வாயரில் (மாஸ்டர் சிலிண்டருக்கு மேல் இருக்கும் ஆயில் டப்பாவில்) ஆயில் லேசாக மேலெழும்பியது, சக்கரம் ஒரு விரலில் சுற்றியது.

அப்புறம்தான் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தது. டார்ச் அடித்ததும் முதலில் தெரிந்தது, பெடல் கையில் ரப்பர் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எம்சீல் உருண்டை, அதன் முகத்தில் அழுத்திப் பதித்த காண்டாமிருகம் போட்ட 25 பைசா. 2011-ல் செல்லாக்காசாகிப் போன நாணயம் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்: விளக்கு அணைந்தது. ஆனால் உருண்டையும் காசும் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், புதுப் பட்டனின் தலை அதில் பாதிகூட வராது. சுவிட்ச் இருக்கும் இடம் மாறவில்லை, ஒட்டியது தடிமன், ஆக பெடல் முழுவதும் மேலே வராமல் கொஞ்சம் மிதித்த நிலையிலேயே ஓய்வெடுக்கிறது.

அடுத்து கிளிவிஸ் பின். ஸ்பிளிட் பின்னைக் காணோம், கட்டுக்கம்பி ஒன்றை இரண்டு சுற்று சுற்றி முறுக்கியிருந்தது. முறுக்கு தளர்ந்து, பின் ஃபோர்க்கின் ஒரு காதிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. முழுதாக வந்திருந்தால் ஆயிலும் சிலிண்டரும் காலிப்பரும் எல்லாம் சுத்தமாக இருந்தும் பெடல் மட்டும் தனியாகத் தரைக்குப் போயிருக்கும். உண்மையில் இந்த வண்டியில் நான் பார்த்ததிலேயே பயந்த விஷயம் இதுதான், தானாகப் பிடித்த பிரேக் இல்லை. பின்னைக் கழற்றிக் கையில் எடுத்தால் நடுவில், பெடல் கை உட்காரும் இடத்தில், நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. ஃபோர்க்கின் ஒரு காதுத் துளை முட்டை வடிவம். பெடல் கையின் துளையும் தேய்ந்திருந்தது. ஷாஃப்ட் புஷ் காய்ந்து கறுத்திருந்தாலும் ஆட்டம் குறைவு.

புஷ் ராடில் லாக் நட்டுக்குப் பின்னால் பளபளவென்று புது மரை வெளியே தெரிந்தது. எவ்வளவு நீட்டியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறைக்குள் ஈரமில்லை, அதாவது மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் நன்றாக இருக்கிறது.

காரணம் எப்படிக் கோத்துக்கொண்டது

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்து நிற்கும்போது, அதற்குக் கொஞ்சம் முன்னால், ரிசர்வாயருக்குப் போகும் மிகச்சிறிய துளை ஒன்று திறந்திருக்கும். சூட்டில் ஆயில் விரிந்தால் அந்தத் துளை வழியாக மேலே ஏறிவிடும், ஆறினால் திரும்ப இறங்கும். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னால் நின்றாலே போதும், அதன் ரப்பர் வாஷர் அந்தத் துளையை மூடிவிடும். பெடலில் ஃப்ரீ ப்ளே என்று கொஞ்சம் சும்மா ஆட்டம் விடச் சொல்வது இதற்காகத்தான். அது இருந்தால்தான் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆட்டம் என்றாலே கோளாறு என்று நினைத்து எடுத்துவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது.

இந்த வண்டியில் எலெக்ட்ரீஷியன் காசு ஒட்டிய நாளிலேயே பெடல் கீழே வந்துவிட்டது, ஃப்ரீ ப்ளே போயிருக்க வேண்டும். ஆனால் கிளிவிஸ் பின் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. பெடல் கீழே நின்றாலும் தேய்மானத்தின் இடைவெளியில் ராடு பின்வாங்க இடம் இருந்தது, பிஸ்டன் முழுவதும் வந்துகொண்டிருந்தது. ஒரு கோளாறு இன்னொரு கோளாறை மறைத்தது. பின் தேய்மானம் ஒரு மில்லிமீட்டர் என்றால், பெடலின் நீள விகிதத்தால் காலடியில் அது நாலைந்து மில்லிமீட்டராகத் தெரியும். "சும்மா இறங்குது" என்று அவர் சொன்னது இதைத்தான். அதை மாஸ்டர் சிலிண்டர் என்று எடுத்துக்கொண்டு, சிலிண்டரை மாற்றியும் போகாததால் ராடை நீட்டியபோது, கடைசியாக மிச்சமிருந்த இடைவெளியும் தீர்ந்தது. துளை மூடிக்கொண்டது.

அதன் பிறகு நடந்தது இயற்பியல். ஒவ்வொரு மிதிக்குப் பிறகும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம், பேடு உரசல், சூடு, ஆயில் விரிவு, வெளியேற வழியில்லாததால் மேலும் அழுத்தம். டவுனுக்குள் அது மைலேஜ் குறைவாகத் தெரிந்தது. இருபது வளைவு இறங்கும்போது சக்கரத்தையே பிடித்துவிட்டது. ஆறினால் ஆயில் சுருங்கி விட்டுக்கொடுக்கும், அதனால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்து காட்டும்போது வண்டி பெரும்பாலும் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

முடிவுகளும் அவற்றின் காரணமும்

எளிதான வழி ஒன்று இருந்தது. ராடை மூன்று சுற்று குறைத்தால் அன்றைக்கே பிரேக் விட்டுவிடும், அடுத்த வாரம் வண்டியைக் காட்டவும் போகலாம். உரிமையாளருக்கும் அதில்தான் மனம். அதைச் செய்யவில்லை. ராடைக் குறைத்தால் பின் தேய்மானத்தின் ஆட்டம் முழுதாகத் திரும்பி வரும், பெடல் மறுபடி சும்மா இறங்கும், வேறொருவர் மறுபடி நீட்டுவார். தேய்ந்ததை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றுவதுதான் இந்த வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

பின், ஸ்பிளிட் பின், ஃபோர்க், ரப்பர் பட்டன் எல்லாம் புதிது. இவை சில்லறைச் சாமான்கள், 800-க்கு இன்றைக்கும் கிடைக்கும். சிக்கல் பெடல் கையின் துளையில் வந்தது. புதுப் பின்னைப் போட்டும் அதில் ஆட்டம் தெரிந்தது. லேத் பட்டறையில் கொடுத்து வெல்டு நிரப்பித் துளை போட்டுக்கொள்ளலாம் என்றார் உரிமையாளர், அவருடைய பழைய மாணவர் ஒருவர் லேத் வைத்திருக்கிறார். கதவு கீலுக்கு என்றால் நானே அனுப்பியிருப்பேன். ஆனால் இந்தத் துளையின் மேல்தான் அவசரத்தில் மிதிக்கும் மிதியின் மொத்த பலமும், நெம்புகோல் விகிதத்தால் பெருகி, வந்து விழுகிறது. நிரப்பிய வெல்டு எந்த அளவு பிடித்திருக்கிறது என்பதைப் பட்டறையில் வைத்துச் சோதிக்க வழி இல்லை. முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் மாறியது, பிறகு ஒத்துக்கொண்டார்.

புதுப் பெடல் வர நாளாகும் என்றார்கள். அதனால் பழைய மாருதி சாமான் விற்கும் கடைக்கு நாங்களே போனோம், கையில் புதுப் பின்னை எடுத்துக்கொண்டு. குவியலில் கிடந்த ஒவ்வொரு பெடலிலும் பின்னைச் செருகி ஆட்டிப் பார்த்து, இறுக்கமாக உட்கார்ந்த ஒன்றை எடுத்தோம். பழைய சாமான் வாங்கலாமா கூடாதா என்று கேட்பவர்களுக்கு: பெடல் போல வளைவும் துளையும் கண்ணாலும் கையாலும் சோதிக்க முடிந்த இரும்புப் பாகம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரப்பரோ சீலோ உள்ளே இருக்கும் பிரேக் சாமான் என்றால் பழையது வேண்டவே வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றவில்லை, அது நன்றாக இருந்தது. ஆயில் முழுவதையும் மாற்றினோம், கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்த ஆயிலை நம்ப எனக்கு மனம் இல்லை. முன் பேடுகள் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்ததால் அவையும் புதிது. காலிப்பர் ரப்பர்களும் ஹோஸ்களும் பார்த்து அப்படியே விடப்பட்டன.

வேலை போன வரிசை

சரிப்படுத்தும் வரிசைதான் இதில் முக்கியம். முதலில் தேய்ந்த பாகங்கள், ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் பின்னுக்கும் கிரீஸ், ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் மடக்குவது. புஷ் ராடை நன்றாகக் குறைத்து, பிஸ்டனைத் தொடாத நிலையில் வைத்துவிட்டுப் பெடலின் உயரத்தைச் சுவிட்சால் சரிசெய்வது, பக்கத்தில் இருக்கும் கிளட்ச் பெடலோடு ஒப்பிட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது. அதற்குப் பிறகே ராடு: விரலால் பெடலை மெல்ல அழுத்தினால் ராடு பிஸ்டனைத் தொடும் இடம் கையில் தெரியும், அதுவரை உள்ள தூரம்தான் ஃப்ரீ ப்ளே. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்குள் இருக்க வேண்டும், இதில் பெடல் மிதிக்கும் இடத்தில் 5 மி.மீ. வருமாறு வைத்து லாக் நட்டை இறுக்கினோம். இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது ராடு கூடவே கொஞ்சம் சுழலும். கடைசியில் பிரேக் லைட். விளக்கிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வந்தால் இதே சிக்கலுக்குள் திரும்பவும் நாமே போய் விழுவோம்.

ஆயில் மாற்றி ஏர் எடுத்த பிறகு ரிசர்வாயர் மூடியைத் திறந்து வைத்து ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மிதியின் தொடக்கத்தில் ஆயிலில் சின்னச் சலனம் தெரிந்தது. துளை திறந்திருக்கிறது என்பதற்கு அது போதும்.

பிறகு

முதலில் சமதளத்தில், அடிக்கடி மிதித்துச் சூடேற்றி ஓட்டினோம், நிறுத்திச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தால் தாராளமாகச் சுற்றியது. அப்புறம் உரிமையாளரையும் கூட வைத்துக்கொண்டு ஏற்காடு. இறங்கும்போது மூன்று இடத்தில் நிறுத்தி, சமமான தரையில் நியூட்ரலில் தள்ளிப் பார்த்தோம், ஒரு ஆள் தள்ளலுக்கு நகர்ந்தது. டிஸ்க் சூடாகத்தான் இருந்தது, மலை இறங்கினால் சூடாகாமல் இருக்காது. ஆனால் பெடலின் ஆட்டம் மேலே இருந்த அளவே கீழேயும் இருந்தது, அதைத்தான் நாங்கள் பார்க்கப் போனோம்.

ஒரு சின்ன மனக்குறை அவருக்கு: பெடல் முன்பு போல "தொட்டதும்" பிடிக்கவில்லை. அந்தத் தொட்டதும் பிடித்த பெடல்தான் மலையில் நிறுத்தியது என்று விளக்கியும் பழக அவருக்குக் கொஞ்சம் காலம் ஆனது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக்கில் எந்தக் கேள்வியும் வரவில்லை, 2028 வரை புதுப்பித்தாயிற்று. மைலேஜ் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார், நாங்கள் அளக்கவில்லை. அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது ஃப்ரீ ப்ளே மாறாமல் இருந்தது. பெடல் திரும்பும்போது மட்டும் ஒரு கிறீச் சத்தம், ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் கொக்கி உரசுகிறது, அங்கே ஒரு பொட்டு கிரீஸ்.

இதற்குப் பின் மாறியவை

பிரேக் சம்பந்தமாக எந்தப் புகாரோடு பழைய வண்டி வந்தாலும், சக்கரத்தைக் கழற்றும் முன் ஒருவர் பெடலுக்கு அடியில் படுத்துப் பார்ப்பது எங்கள் பட்டறையில் இப்போது வழக்கம். பின், ஸ்பிளிட் பின், புஷ், ஸ்பிரிங், ரப்பர் பட்டன், ரப்பர் உறைக்குள் ஈரம். டார்ச் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பெடலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஷாஃப்ட் புஷ் தேய்மானம் தெரியும், ஃபோர்க்கை விரலால் பிடித்துக்கொண்டு பெடலை மெல்ல அழுத்தினால் பின் தேய்மானம் விரலிலேயே தெரியும். வேலை அட்டையில் ஃப்ரீ ப்ளே அளவை வண்டி வரும்போதும் போகும்போதும் எழுதுகிறோம். புஷ் ராடைத் தொட்டால் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்பதையும். அந்த ஒரு வரி இந்த வண்டியின் பழைய பில் எதிலாவது இருந்திருந்தால் காலிப்பர் கிட்டுக்கான பணமாவது அவருக்கு மிஞ்சியிருக்கும்.

ரப்பர் பட்டனை டஜன் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறோம். பக்கத்து எலெக்ட்ரீஷியன் கடைக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தோம், காசும் எம்சீலும் அங்கேயும் பழக்கத்தில் இருந்தது.

பூஸ்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மாஸ்டர் சிலிண்டரைத் தளர்த்தும் சோதனை அங்கே பூஸ்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ராடைத்தான் சொல்லும், பெடல் பக்கத்து ராடைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஃப்ரீ ப்ளே அளக்கும் முன் இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். வேக்குவம் இருக்கும்போது அளந்தால் ராடு தொடும் இடம் விரலுக்குத் தெரியாது.